வரியும் வைத்தியமும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், மறுபுறம் வல்லம் வடகால், ஒரகடம் வரையிலும் பரந்து கிடக்கும் பூமி, ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தை நம்பிய வயல்களாகவும் மேய்ச்சல் தரைகளாகவும் இருந்தது. 1996-ம் வருஷத்தில் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. அதன்பின் கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கைத்தொலைபேசி என்று ஆலைக்குமேல் ஆலையாக எழும்பின. உலகத்துப் பெரிய கம்பெனிகளுள் பலவற்றின் பெயர்ப்பலகைகளை இன்று இந்தச் சில மைல் சுற்றளவிலேயே படித்துவிடலாம். ஷிப்டு மாறும் வேளைகளில் சாலையோரம் நிற்பவர், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். அந்த பஸ்களில் செல்லும் இளைஞருக்கும் பெண்களுக்கும் நோய் வந்தால், வைத்தியச் செலவை ஏற்கவேண்டியவர் யார்? தொழிலாளியா, முதலாளியா, இருவரும் சேர்ந்து கட்டும் சந்தாவா, அல்லது ஊரார் அனைவரும் செலுத்தும் வரிப்பணமா? வைத்தியத்திற்கு வரிப்பணத்தைச் செலவிடலாமா என்ற பொதுப்படையான விவாதத்தை வீட்டுத் திண்ணையிலிருந்து நடத்துவதைக் காட்டிலும், இந்தத் தொழிற்பிரதேசத்தை முன்னிறுத்தி நடத்துவது பயன் தரும் என்று கருதுகிறோம். இந்தக் கேள்விக்கு இதுவரை அளிக்கப்பட்டுள்ள எல்லா விடைகளும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று கொண்டிருக்கின்றன.

ஆலைத் தொழிலாளிக்கு இப்போதுள்ள முக்கியமான பாதுகாப்பு, இ. எஸ். ஐ. என்று எல்லோரும் வழங்கும் தொழிலாளர் அரசு இன்ஷியூரன்ஸ் திட்டமாகும். 1944-ல் பேராசிரியர் அடார்கர் சமர்ப்பித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 1948 ஏப்ரலில் இதற்குச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரியில் கான்பூரில் பண்டித ஜவஹர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலாளியும் தொழிலாளியும் சம்பளத்தில் ஒரு விகிதத்தைச் செலுத்துகிறார்கள். அதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியமும், நோயுற்ற நாட்களில் சம்பளத்தின் ஒரு பகுதியும், பிரசவ காலத்தில் பெண்களுக்குச் சம்பளமும், விபத்தில் அங்கம் இழந்தோருக்கு உபகாரத் தொகையும் கிடைக்கின்றன. திட்டம் நல்ல திட்டம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இதைக் குறை கூறுவோர், இது இல்லாதிருந்த காலத்தில் மில் தொழிலாளியின் குடும்பம் கடைசியில் கந்துவட்டிக்காரன் வாசலில் போய் நின்றதை மறந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

ஆனால் இத்திட்டத்தின் வாயிற்படியில் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறது. 1948-ல் அது மாதம் 400 ரூபாய். அவ்வப்போது உயர்ந்து 2010-ல் 15,000 ஆகி, 2017 ஜனவரியில் 21,000 ஆயிற்று. அதற்குப்பின் ஆண்டுகள் பல கடந்தும், விலைவாசி ஏறியும், கூலி ஏறியும், அந்தத் தொகை அசையாமல் நின்றது. இதன் விளைவு விபரீதமானது. 20,800 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளிக்கு 400 ரூபாய் உயர்வு கிடைத்தால், நடப்புச் சந்தாக் காலமும் அதையொட்டிய சலுகைக் காலமும் முடிந்தபின் அவன் திட்டத்திலிருந்து வெளியே நிற்கிறான். அதுவரையில் அவன் கையிலிருந்து மாதம் 156 ரூபாய் பிடிக்கப்பட்டது. மனைவி, மக்கள், அவனை அண்டி வாழும் வயோதிகத் தாய் தந்தையர் எல்லோருக்கும் வைத்தியம் இருந்தது. உயர்வாகக் கிடைத்த 400 ரூபாயைக் கொண்டு இத்தனை பேருக்கும் தனியார் இன்ஷியூரன்ஸ் வாங்க முடியுமா? கம்பெனி எடுத்துத் தரும் குரூப் இன்ஷியூரன்ஸ் உண்டு என்பார்கள். அது கம்பெனியின் தயவைப் பொறுத்தது. வேலை போனால் அதுவும் போகும். கூலி உயர்வுக்காகப் போராடும் தொழிலாளி, அந்த வெற்றியின் விலையாகத் தன் தாயின் மருந்தை இழக்கவேண்டும் என்பது எந்த நீதி நூலிலும் இல்லாத விதி.

வேலை போவதைப் பற்றிச் சொன்னோம். நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, உலகத்திலேயே பெரிய கைத்தொலைபேசி ஆலைகளுள் ஒன்று என்று புகழப்பட்டு, 2014 நவம்பர் முதல் தேதியில் மூடப்பட்டது. மூடுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் தாமாக விலகும் திட்டத்தை ஏற்று வெளியேறினர். இருபது இருபத்திரண்டு வயதில் நுழைந்து முப்பது நிரம்புமுன் வெளியே வந்தவர்கள் அவர்கள். வேலையோடு கட்டிவைத்த வைத்தியம் வேலையோடு அவிழ்ந்துவிடும். நோய் மாத்திரம் அவ்வாறு ஆலையின் கதவு மூடப்படுவதைப் பார்த்து விலகிக் கொள்வதில்லை.

1948-ம் வருஷத்தை மறுபடியும் நினைவுகூர விரும்புகிறோம். நம் தேசத்தில் சந்தா முறையில் ஆலைத் தொழிலாளருக்கு மட்டுமான சட்டம் நிறைவேறிய அதே வருஷத்தில், ஜூலை 5-ம் தேதி, பிரிட்டனில் அனூரின் பெவன் என்ற தொழிற்கட்சி மந்திரி, பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டு எல்லாப் பிரஜைகளுக்கும் கட்டணமின்றி வைத்தியம் செய்யும் தேசீய சுகாதார சேவையைத் தொடங்கினார். யுத்தத்தால் கஜானா காலியாகி, ரொட்டிக்குப் பங்கீடு நடந்த நாட்டில் அது தொடங்கிற்று. பணக்கார நாடாக இருந்ததால் செய்தார்கள் என்று சொல்வது சரித்திரத்துக்கு ஒவ்வாது.

நம்மவர் யாருக்கும் அந்த எண்ணம் தோன்றவில்லை என்பதும் வாஸ்தவமல்ல. 1943-ல் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை சமர்ப்பித்த போர் கமிட்டியில் நமது டாக்டர் ஆற்காடு லக்ஷ்மணசாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். பணம் கொடுக்கச் சக்தியில்லாத காரணத்தால் எந்த மனிதனும் தக்க வைத்தியம் பெறாமற் போகக்கூடாது என்பது அக்கமிட்டியின் ஆதாரக் கொள்கை. வித்தியாசமின்றி எல்லோருக்கும் வைத்தியம் இலவசமாக இருக்கட்டும்; கொடுக்கச் சக்தியுள்ளவர்கள் தங்கள் பங்கைப் பொது வரிகள் மூலமாகவும் ஸ்தல வரிகள் மூலமாகவும் கொடுக்கட்டும் என்பது அதன் சிபார்சு. ஆஸ்பத்திரி வாசலில் ஏழை யார், பணக்காரர் யார் என்று பிரிக்கும் வேலையை வரி வசூலிக்கும் இலாகாவிடம் விட்டுவிடுங்கள் என்பதே அதன் பொருள். அந்த வேலைக்கு அந்த இலாகாவே தகுந்தது என்பதில் இருவேறு அபிப்பிராயம் இருக்க முடியாது. டாக்டர் நாடியைப் பார்க்கட்டும். வருமானத்தை வருமான வரி அதிகாரி பார்க்கட்டும்.

அதற்கும் முன்னதாக, நமது சென்னை மாகாணமே இத்துறையில் வழிகாட்டியாக நின்றது. 1939-ல் சென்னைச் சட்டசபை இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று பொதுச் சுகாதாரச் சட்டம். தேசத்தில் அவ்வகையில் முதலாவது. முனிசிபாலிடிகள் சர்க்கார் உதவித்தொகை நீங்கலான தங்கள் வருமானத்தில் 30 சதவிகிதத்துக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கென ஒதுக்கவேண்டும் என்று அது விதித்தது. மற்றொன்று பொது விற்பனை வரிச் சட்டம். மதுவிலக்கை 1937-ல் சேலத்தில் தொடங்கிய ராஜாஜியின் மந்திரிசபை, கள்ளுக்கடை வருமானம் போவதை ஈடுசெய்வதற்குக் கண்ட வழி அது. குடியினால் வந்த வருமானத்தை விட்டுவிட்டு விற்பனையின்மீது வரி போட்டார்கள். இன்று விற்பனை வரி ஜி. எஸ். டி. என்ற பெயரில் இருக்கிறது. குடியின் வருமானமும் திரும்பி வந்து கூடவே இருக்கிறது. 2024-25-ல் மதுபானத்தினால் தமிழ்நாட்டுச் சர்க்காருக்குக் கிடைத்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025-26 பட்ஜெட்டில் சுகாதார இலாகாவுக்கு ஒதுக்கப்பட்டது 21,906 கோடி. இந்த இரண்டு தொகைகளையும் வாசகர்களே அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். மது விலக்கைப் பற்றி எழுதவேண்டிய வேளையில் வேறாக எழுதுவோம்.

சந்தா முறையே போதும், வரிப்பணம் எதற்கு என்று கேட்போருக்கு, 2021 டிசம்பரில் நடந்ததை ஞாபகமூட்டுகிறோம். சுங்குவார்சத்திரத்தையடுத்த பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்துவந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு விஷமாகி, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் கதி என்னவாயிற்றோ என்ற பீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடிரவாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சில விடுதிகளும் உணவறைகளும் தங்கள் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களிடம் இ. எஸ். ஐ. கார்டு இருந்ததா, இல்லையா என்பதா அன்றைய கேள்வி? சமையற்கூடத்தைச் சோதனை செய்யவேண்டிய உணவுப் பாதுகாப்பு அதிகாரி, குடிநீரைப் பரீக்ஷிக்கவேண்டிய சுகாதார இன்ஸ்பெக்டர், ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்று பார்க்கவேண்டிய ஸ்தல ஸ்தாபனம்: இவர்களுடைய சம்பளம் எந்த இன்ஷியூரன்ஸ் பாலிஸியிலிருந்தும் வருவதல்ல. நோய் வந்தபின் பில்லுக்குப் பணம் கொடுப்பது இன்ஷியூரன்ஸின் வேலை. வராமல் தடுப்பது வரிப்பணத்தின் வேலை. காலராவையும் அம்மையையும் சந்தா கட்டிய வீடு, கட்டாத வீடு என்று பிரித்து ஒழித்தவர் எவருமில்லை. அதற்குப் பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி 706 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகையைக் குடியேற்றும்போது, சிறு நகரத்துக்குரிய சுகாதார ஏற்பாடுகளும் கூடவே குடியேறவேண்டும்.

இனி, நமது மண்ணில் பிறவாத தொழிலாளரைக் கவனிப்போம். பீகார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்து, கண்டிராக்டர்களின் கீழ் கட்டட வேலையிலும் பாரம் ஏற்றி இறக்குவதிலும் ஈடுபட்டிருப்போர் இவ்வட்டாரத்தில் ஏராளம். வேறு ராஜ்யத்திலிருந்து வந்தவனுக்கு நமது வரிப்பணத்தில் வைத்தியமா என்று சிலர் முணுமுணுக்கக் கேட்டிருக்கிறோம். இந்த முணுமுணுப்பு வரிச் சட்டம் தெரியாததால் எழுவது. ஜி. எஸ். டி. என்பது பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த ராஜ்யத்துக்குச் சேரும் வரி. ஒரகடம் கடைத்தெருவில் அவன் வாங்கும் சோப்பிலும், செருப்பிலும், கைத்தொலைபேசி ரீசார்ஜிலும் ஒரு பங்கு சென்னைக் கஜானாவுக்கே போகிறது, பாட்னாவுக்குப் போவதில்லை. அவன் நமக்கு வரி செலுத்துகிறவன். அவன் கைக்குழந்தைக்குப் போடும் தடுப்பூசியை நாம் தானமாகப் போடவில்லை.

நமது ஊர்த் தொழிலாளியின் கதியும் இவ்விஷயத்தில் விசித்திரமானதே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு மிகுந்த உபகாரமாக இருந்துவருகிறது. அதற்குரிய வருஷ வருமான உச்சவரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவனுடைய வருஷ வருமானம் 1,80,000. அவன் அந்த வரம்புக்கு மேலே நிற்கிறான். இ. எஸ். ஐ.-யின் வரம்புக்கு மேலே போனவனோ அதற்கும் மேலே நிற்கிறான். ஒரு கதவு அவனை ஏழையல்ல என்கிறது. மறு கதவு அவனைத் தொழிலாளியல்ல என்கிறது. தனியார் ஆஸ்பத்திரியின் கதவு மட்டும் அவனை எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, முன்பணத்தைத் தவிர. கார்டு எதுவும் கேளாமல் அவனை ஏற்றுக்கொள்ள எஞ்சியிருப்பது, வரிப்பணத்தில் நடக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றே. ஸ்ரீபெரும்புதூர் சர்க்கார் ஆஸ்பத்திரியும், அதற்கு மிஞ்சியவற்றுக்குக் காஞ்சீபுரமும் செங்கற்பட்டுமே இவ்வட்டாரத்தின் கடைசிப் புகலிடம்.

முதலாளியின் லாபத்துக்காக உழைப்பவனுடைய வைத்தியத்தை முதலாளியே ஏற்கட்டும், ஊரார் ஏன் ஏற்கவேண்டும் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. தமிழர்களாகிய நமக்கு இதற்கு விடை கடல் கடந்து கிடைக்கிறது. இலங்கையில் வரிப்பணத்தைக் கொண்டு கட்டணமின்றி நடைபெறும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள், நம்மைவிடப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே பிரசவ மரணத்தையும் சிசு மரணத்தையும் வெகுவாகக் குறைத்து உலகத்தின் புகழைப் பெற்றன. ஆனால் அதே தீவில், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்ச் சகோதரரின் வைத்தியம் மட்டும் 1912-ம் வருஷத்துச் சட்டங்களின் வழியே தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் விடப்பட்டது. தோட்டத்துரைக்கு லாபம் உள்ள வருஷத்தில் மருந்து. இல்லாத வருஷத்தில் வெறும் கட்டடம். பட்டம் பெற்ற டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிகளிலேயே பல தலைமுறைகள் பிறந்து இறந்தன. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சர்க்கார் ஏற்கத் தொடங்கியது 1990-களிலேதான். அதுவும் சிறுகச் சிறுக. தீவின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடும்போது தோட்டப்புறத்துக் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியிருப்பதைப் பிற்காலக் கணக்கெடுப்புகளும் காட்டின. முதலாளியின் பொறுப்பில் வைத்தியத்தை விடுவது என்பது நூறு வருஷ காலம் பரீக்ஷித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. பரீக்ஷைக்கு ஆளானவர்கள் நம்மவர்கள்.

இதனால் முதலாளிகளின் சந்தாவை ஒழித்துவிடலாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். ஆலையில் விரல் இழந்தவனுக்கும் நோயினால் கூலி இழந்தவனுக்கும் ஈடு கொடுப்பது ஆலையின் கடமையே. அந்தச் சந்தாவே 2019 ஜூலையில் குறைக்கப்பட்டதை நாம் வரவேற்கவில்லை. அதுவரை முதலாளி 4.75 சதவிகிதமும் தொழிலாளி 1.75 சதவிகிதமும் கொடுத்தனர். ஒரே உத்தரவில் அது 3.25 ஆகவும் 0.75 ஆகவும் இறங்கியது. 2018-19-ல் தேசம் முழுவதிலும் வசூலான சந்தா 22,279 கோடி ரூபாய். புதிய விகிதத்தில் அதே சம்பளத்துக்கு வசூலாகியிருக்கக்கூடிய தொகையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 8,500 கோடி குறைகிறது. அதில் 5,000 கோடிக்கு மேல் முதலாளிகளுக்கு மிச்சம். நிதி மிகுதியாகச் சேர்ந்திருந்தது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நிதி மிகுந்தால் ஆஸ்பத்திரி கட்டுவார்கள் என்று நினைப்பது சாமானிய ஜனங்களின் புத்தி. சந்தாவைக் குறைப்பது சர்க்காரின் புத்தி. ஸ்ரீபெரும்புதூருக்கென 100 படுக்கைகளுடன் ஓர் இ. எஸ். ஐ. ஆஸ்பத்திரி அறிவிக்கப்பட்டது என்னவோ உண்மை. ஆனால் ஆலைகள் வந்து கால் நூற்றாண்டு காலம், பெரிய சிகிச்சை தேவைப்பட்ட இவ்வட்டாரத்துத் தொழிலாளி சென்னை கே. கே. நகருக்கோ அயனாவரத்துக்கோ பயணம் செய்தே தீரவேண்டியிருந்தது. ஒரு நாள் வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி போனால், சந்தா கட்டியவனும் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குத்தான் போவான்.

வரிப்பணத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் ஒன்று மட்டும் நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. இலவசமாகக் கிடைப்பதைக் கொடுப்பவனும் மதிப்பதில்லை, பெறுபவனும் மதிப்பதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் லஞ்சமும் அசட்டையும் மலிந்திருக்கின்றன. அங்கே மேலும் பணத்தைக் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது என்கிறார்கள். சக்கர நாற்காலி தள்ளுவதற்குக்கூட கை நீட்டப்படும் இடங்கள் உண்டு என்பதை நாமும் அறிவோம். ஆனால் குடத்தை அடைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1994-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளைக் கம்பெனிப் பெயர்களால் அன்றி மருந்தின் சொந்தப் பெயரால் மொத்தமாக டெண்டர் கோரி வாங்கி, தரம் சோதித்து, ஜில்லாதோறும் கிடங்கு வைத்து அனுப்பத் தொடங்கியது. முன்பு இருந்த பணத்திலேயே அதிக மருந்து கிடைத்தது. மற்ற ராஜ்யங்களும் இதைப் பார்த்து எழுதிக்கொண்டன. அவ்வாறே 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சாலை விபத்தில் அடிபட்டவர் எவராயினும், எந்த ராஜ்யத்தவராயினும், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள் சர்க்கார் ஏற்றது. லாரிகள் இடைவிடாது ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். அடிபட்டவனிடம் கார்டு கேளாமல் இருக்க முடியுமானால், இருதய வலியோடு வருகிறவனிடம் கேளாமல் இருக்கவும் முடியும்.

பணத்துக்கு எங்கே போவது? 2017-ம் வருஷத்துத் தேசீய சுகாதாரக் கொள்கை, தேசத்தின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவிகிதத்தைச் சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிடவேண்டும் என்றும், அந்நிலையை 2025-க்குள் எட்டவேண்டும் என்றும் கூறிற்று. ராஜ்ய சர்க்கார்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவிகிதத்துக்கு மேல் ஒதுக்கவேண்டும் என்றது. 2021-22 கணக்குப்படி, கொரோனா செலவும் சேர்ந்த அந்த வருஷத்திலேயே, மத்திய சர்க்காரும் ராஜ்யங்களும் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவிகிதம். மொத்த வைத்தியச் செலவில் 39.4 சதவிகிதத்தை ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து நேராகக் கொடுத்தனர். 2013-14-ல் இது 64 சதவிகிதமாக இருந்ததை நோக்க முன்னேற்றமே. எனினும் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் நோயாளியின் தலையில் இருக்கிறது. நமது ராஜ்யத்தின் 21,906 கோடி, 4.39 லட்சம் கோடி ரூபாய்ப் பட்ஜெட்டில் ஏறக்குறைய 5 சதவிகிதம். சுகாதாரத்தில் முதன்மை என்று மார்தட்டும் தமிழ்நாடு 8 என்ற இலக்கிலிருந்து இவ்வளவு தூரம் நிற்பதைச் சட்டசபையில் எந்தக் கட்சியும் உரக்கப் பேசக் காணோம்.

மத்திய சர்க்காரின் பொறுப்பு இதைவிடக் கனமானது. பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி ராஜ்யங்களின் பட்டியலைச் சேர்ந்தவை. ஆனால் 2018 பட்ஜெட் முதல் வருமான வரியின்மேல் 4 சதவிகிதம் சுகாதார-கல்வி செஸ் என்ற பெயரில் வசூலாகிறது. செஸ் என்பதால் 270-வது ஷரத்தின்படி அதை ராஜ்யங்களோடு பங்கிடவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் ஒருவர், ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி வசூலிக்கிறவர் மற்றொருவர். வக்கீல்கள் வரிக்கும் கட்டணத்துக்கும் பேதம் கற்பிப்பதுண்டு: கட்டணத்துக்குக் கைம்மாறு உண்டு, வரிக்கு இல்லை என்பார்கள். இந்த செஸ் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சுகாதாரத்தின் பெயரால் வரும் பகுதியையாவது ராஜ்யங்களுக்குப் பங்கிடுவதே நியாயம். ஒரு நன்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின்மீதிருந்த ஜி. எஸ். டி. பெரும்பாலும் 5 சதவிகிதமாகக் குறைந்தது. சில உயிர் காக்கும் மருந்துகளுக்கு அறவே நீங்கியது. நோயாளியின் மருந்துச் சீட்டிலிருந்து 12 சதவிகிதம் எடுத்து அதே நோயாளிக்கு ஆஸ்பத்திரி கட்டுவது சுற்றி வளைத்து மூக்கைத் தொடும் காரியம்.

நமது சர்க்காரும் தன் பங்கைக் கணக்குப் பார்க்கலாம். ஆலைகளை அழைத்து வருவதற்காக, அவை செலுத்தும் விற்பனை வரியில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுப்பதாக உடன்படிக்கைகள் செய்துகொள்வது இந்த ராஜ்யத்தில் நீண்ட கால வழக்கம். நோக்கியாவுக்கும் அவ்வாறு வரி திருப்பித் தரப்பட்டது. தொழில் வளர்ச்சிக்குச் சலுகை கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவ்வாறு விட்டுக்கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதை ஒவ்வொரு வருஷமும் ஆலை ஆலையாகச் சட்டசபையின் முன் வைக்கட்டும்; புதிய உடன்படிக்கைகளில் அந்தச் சலுகையின் ஒரு சிறு பகுதி அந்த ஆலை நிற்கும் தாலூகாவின் ஆஸ்பத்திரிக்கென நிறுத்தி வைக்கப்படட்டும். ஏரிகளும் மேய்ச்சல் தரைகளும் போன கிராமத்துக்கு இது பெரிய கோரிக்கையல்ல.

பணமில்லை என்பது சர்க்காருக்குச் சட்டப்படியும் செல்லாத சமாதானம். 1992-ல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பல, படுக்கை இல்லை, கருவி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் கைப்பணம் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டு, உயிரைக் காக்கும் அவசர வைத்தியத்தை அளிப்பது 21-வது ஷரத்தின் கீழ் சர்க்காரின் கடமை என்றும், நிதி நெருக்கடியைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. வைத்தியம் உரிமையானால், அதற்குரிய பணத்தை அதிர்ஷ்டத்தையோ முதலாளியின் லாபத்தையோ நம்பி விடமுடியாது. வரியைத்தான் நம்ப வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இ. எஸ். ஐ. ஆஸ்பத்திரிகளில் முழுதும் பயன்படாதவற்றைக் கட்டணத்தின்பேரில் திட்டத்தில் சேராதோருக்கும் திறந்துவிடலாம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டணத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் செலுத்தி, சம்பள வரம்பைத் தாண்டியவர்களையும், வேலை இழந்தவர்களையும், கண்டிராக்டர் பெயர் பதியாத கூலிகளையும், ஆலைக்குப் பக்கத்துக் கிராமத்தாரையும் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ம் தேதி அமுலுக்கு வந்திருக்கும் நிலையில், விதிகளை இவ்வாறு இணைத்துக்கொள்வதற்குத் தடையொன்றும் நமக்குத் தென்படவில்லை. அடுத்த மானியக் கோரிக்கையின்போது இப்பகுதிச் சட்டசபை அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இதை எழுப்பி, சுகாதார மந்திரியிடம் தேதி குறிப்பிட்ட பதிலைப் பெறுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.